பதினொரு செக்கன்

மூன்று மாடிக்கும் மின்தூக்கி இல்லை இன்றைக்கு.
ஏறிவந்த மூச்சு அடங்குமுன்
போனை நீட்டினா சொரூபா அக்கா.
"தம்பி, நீர் வீடியோக்காரன்.
இது மெய்யோ பொய்யோ,
ஒரு சொல் சொல்லும்."

பதினொரு செக்கன்.
கொழும்பின் மேல் மாலை வானம்,
மூலையில் தாமரைக் கோபுரத்தின் மொட்டு,
இடமிருந்து ஒன்று வலமிருந்து ஒன்று
இரண்டு பயணிகள் விமானம்.
ஒன்றின் மூக்கு மற்றதன் வயிற்றை உரச
படம் நடுங்குகிறது.
"ஐயோ!" என்கிறது ஒரு பெண்குரல்.
கீழே சிவப்பு எழுத்தில்: மயிரிழை.

நிரோஜா நாலரைக்கு ஏறினவள்.
தோஹா, அங்கிருந்து ஒஸ்லோ.
அவளுக்குப் போட்ட செய்திக்கு
இன்னும் ஒற்றைச் சரிதான்.

கல்யாண வீடியோவை நிறுத்திவைத்தேன்.
மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது.
பதினொரு செக்கனையும்
இருநூற்று எழுபத்தைந்து படமாக உரித்தேன்.

முதலில் வெயில்.
இரண்டுக்கும் கடற்பக்கம் மஞ்சள், தரைப்பக்கம் சாம்பல். சரி.
விளிம்பில் கத்தரித்த தடம் இல்லை.
குறுக்கே போன காகம் ஒன்று
வாலை மறைத்துவிட்டுப் போகிறது, ஒழுங்காக.
ஒட்டவைத்த விமானத்தைக் காகம் இவ்வளவு மதிக்காது.

"மெய்" என்று வாய்வரை வந்தது.
அக்கா கதிரையின் கையைப் பிடித்திருந்தா.

பிறகுதான் கோபுரத்தைப் பார்த்தேன்.
அதன் தோளில் துறைமுகத்துப் பாரந்தூக்கி
ஒட்டிக் கிடந்தது.
இரண்டுக்கும் நடுவில்
புறக்கோட்டை முழுக்க இருக்க வேண்டும்:
பழக்கடைகள், பஸ்கள், மூட்டை சுமப்பவர்கள்.
ஒருவரையும் காணோம்.

நீள லென்ஸ்.
வெகு தூரத்தில் நின்று எடுத்தது.
நடுவில் கிடக்கும் காற்றையெல்லாம்
அப்பளமாய்த் தட்டிவிடும்.
எனக்குத் தெரியாதா?
பன்னிரண்டு வருடம் பேசாத அண்ணனையும் தம்பியையும்
மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று
தோளோடு தோளாகப் பிடித்துக் கொடுத்துக்
காசும் வாங்கினவன்.
"என்ன ஒற்றுமை" என்று
கனடாவிலிருந்து எழுதியிருந்தார்கள்.

ஒன்றில் ஜன்னல்களை எண்ணலாம்.
மற்றதில் ஜன்னலெல்லாம் சேர்ந்து ஒரு கோடு.
கிட்ட நிற்கும் சிறியது,
தூரத்தில் போகும் பெரியது.
நடுவில் ஆயிரம் அடி இருக்கும், கூடவும் இருக்கும்.
அளக்கத் தெரியாது எனக்கு.
உரசவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் அந்த "ஐயோ".
காதை மூடிக்கொண்டு மூன்று தரம் கேட்டேன்.
குரலுக்குப் பின்னால், மிக மெல்லிதாக,
ஒரு தவில்.

வானத்தில் ஏது தவில்?

கொட்டாஞ்சேனை. போன ஆவணி.
குத்துவிளக்குச் சுடர்
பொம்பிளையின் சேலைத் தலைப்பில் ஏறின நிமிடம்
அவளுடைய சித்தி போட்ட சத்தம்.
பதிந்தவன் நான்தான்.
யாரோ அதை வெட்டிச் சிரித்து
யாரோ வேறொன்றில் ஒட்டி
ஊர்சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது
இந்த இறக்கைகளின் கீழ்.

இதை எப்படி ஒரு சொல்லில் சொல்ல?
படம் மெய்.
நெருக்கம் பொய்.
அலறல் மெய், ஆனால் வேறொரு நெருப்புக்கு.
மயிரிழை என்று எழுதினவனுக்கு
என்ன பெயரென்று தெரியவில்லை.

"பயப்பட ஒன்றுமில்லை, அக்கா."

போனை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து
சிப்பை இழுத்து மூடினா.
"ரெண்டு மணித்தியாலம் பயந்து முடிஞ்சுது தம்பி.
அதுவும் பொய்யோ?"

மாத்தறை ரயில் போக
ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
படியில் அவவின் செருப்புச் சத்தம்
ஒவ்வொரு மாடியாகக் குறைந்தது.

திரையில் மாப்பிள்ளையின் கை இன்னும் அப்படியே.
கழுத்துக்கும் தாலிக்கும் எவ்வளவு தூரமென்று
இந்தக் கோணத்திலிருந்து
சொல்லேலாது.